ஏழு மணிக்கு ஊதும் ஆறு மணிச் சங்கு

ஊருக்கு அவள் நகராட்சித் தலைவர். படியேறி வந்தால் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். மீதிப் பேர் எதிர்த்தரப்பு என்பதால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிடுவார்கள். அப்படிப்பட்டவளோடு அவள் பெற்ற ஒன்பது வயது மகள் டூ விட்டு நாலு நாளாகிறது. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட, "அப்பா, உங்க வீட்டுக்காரம்மாகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்று தூது போகிறது. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்பதால் அவளுக்கு வீட்டில் மிளகா என்று பேர். நாலு நாளாக அந்த மூக்கு சிவந்தே இருந்தது.

எல்லாம் சங்கால் வந்த வினை.

நகராட்சி அலுவலக மொட்டைமாடியில் மோட்டார் வைத்த இரும்புச் சங்கு ஒன்று உண்டு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாயைத் திறந்து ஒரு மூச்சு அலறும். அது அலறினால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அந்த ஊரில் எந்த அம்மாவும் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்ததில்லை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்தச் சங்கு பொய் சொல்லும். பெரிய லீவின் கடைசி நாளன்று ஆறு மணிச் சங்கு ஏழு மணிக்குத்தான் ஊதும். இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஊதுகிறவர் ஒரு தடவை தூங்கிப்போனாராம். இல்லையில்லை, பழைய தலைவர் ஒருவரின் பிள்ளை மட்டையைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டானாம். எப்படியோ, அன்றைக்கு ஊரே சேர்ந்து நடிக்கும். கடிகாரம் ஆறரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மாக்கள், இன்னும் சங்கு ஊதலையே, இன்றைக்குப் பொழுதே போகமாட்டேங்குது என்று வேலிக்கு வேலி பேசிக்கொள்வார்கள். வேலை முடிந்து வரும் அப்பாக்களிடம் மணி கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முகத்துக்குப் பொருந்தாத ஃபிரேமைப் பொருந்துகிறது என்று சொல்ல வராததாலேயே வியாபாரம் சுமாராக நடப்பவன். அவன்கூட அன்று ஒரு நாள் கூசாமல் பொய் சொல்லுவான்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து வரவேண்டிய நிதி மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். பூங்காவை வெட்டினால் அந்த வார்டுக்காரர் கத்துகிறார், வடிகாலை வெட்டினால் இந்த வார்டுக்காரர் கத்துகிறார். கடைசியில் சங்குக்குத் தனி மின் இணைப்பு, தனிப் பராமரிப்பு என்று வருஷா வருஷம் போகிற பணத்தை அவள்தான் எடுத்துச் சொன்னாள். எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் மணி சொல்ல ஒரு மோட்டார் எதற்கு என்றாள். எதிர்த்தரப்பே மேசையைத் தட்டியது. சங்கு ஊதுகிறவரைப் பிறப்புச் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றினார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு காதுக்கு விடுதலை என்று அவர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். மின் இணைப்பையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒரு மனுஷர்கூட வருத்தப்படவில்லை என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது பிள்ளைகள் திரண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது பக்கத்து வீட்டு நாத்தனாரின் பையன். இடுப்பில் கை வைத்து, வரி பாக்கிக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"அத்தை, கடைசி நாள் சங்குக்கு என்ன ஏற்பாடு?"

"சங்கு எதுக்குடா? அன்னிக்கு ஏழு மணி வரைக்கும் விளையாடுங்க. நானே சொல்லிட்டேன். போதுமா?"

"நீங்க சொன்னா எங்கம்மா கேப்பாங்களா?"

அறையில் இருந்த எழுத்தர்கள் குனிந்துகொண்டார்கள். நாத்தனார் அண்ணி சொல்லி ஒரு குழம்புக்கு உப்புக் கூடக் குறைத்தவள் இல்லை. தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து மிளகா மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, உனக்குப் புரியல. நீ சொன்னா ஒருத்தரை ஆறேகாலுக்குக் கூப்பிடுவாங்க, ஒருத்தரை ஆறரைக்குக் கூப்பிடுவாங்க. பாதி ஆட்டத்துல ஆளு கழண்டுகிட்டே இருக்கும். கடைசில நானும் யாராவது ஒரு குட்டிப் பாப்பாவும் நின்னுகிட்டிருப்போம். சங்குன்னா எல்லாரும் ஒண்ணா வீட்டுக்குப் போவோம்."

"சரிடி, கரண்டையே திருப்பிக் குடுத்தாச்சு. இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"பட்ஜெட்டை உன்கிட்ட கேட்டுப் போடணுமா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிளகா விரலை நீட்டி, எழுத்தர்கள் முன்னிலையில் முறைப்படி டூ விட்டுவிட்டு வெளியே போனாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தலைவர் தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். லீவின் கடைசி நாள் பிள்ளைகளை ஏழு மணி வரை விளையாட விடும்படி பணிவாகக் கேட்டிருந்தாள். பதில்கள் வர ஆரம்பித்தன. ஒருத்தி தன் பையனுக்கு அன்று டியூஷன் என்றாள். இன்னொருத்தி ஆறரையோடு நிறுத்திக்கொள்ளலாமே, மறுநாள் பள்ளிக்கூடம் ஆயிற்றே என்றாள். ஏழு என்றால் வீட்டுக்குள் ஏழா, தெருவில் ஏழா என்று ஒருவர் விளக்கம் கேட்டார். தண்ணீர் ஏன் நேற்று வரவில்லை என்று ஒருவர். யாரோ பூங்கொத்துப் படம் போட்டு காலை வணக்கம் சொன்னார்கள். நாத்தனார் மட்டும் சுருக்கமாக, "பாக்கலாம் அண்ணி" என்று எழுதியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரைக் கட்டி ஆளற அம்மா, ஒரு தெருவை ஒரு மணி நேரம் சும்மா இருக்க வைக்க முடியலையா?" என்று கேட்டான். வழக்கமாக இதற்குச் சுடச்சுடப் பதில் கிடைக்கும். அன்று அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். மகள் சொன்னது சரி என்று அவளுக்கு உறைக்க ஆரம்பித்திருந்தது. அனுமதி என்று ஒன்று கேட்டால் ஆளுக்கொரு மனசு குறுக்கே வரும். சங்கு யாரையும் கேட்டதில்லை.

மறுநாள் சீக்கிரம் வீடு வந்து, மாடி பால்கனியில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கீழே ஆட்டம் சூடு பிடித்திருந்தது. தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் சைக்கிளைச் சாய்த்து, சுவிட்ச் பெட்டியைத் திறந்து விளக்கைப் போட்டான். மணி ஆறுதான், சூரியன் இன்னும் முழுசாக இறங்கக்கூட இல்லை. சீக்கிரம் வீடு போகிற அவசரம் அவனுக்கு. விளக்கு எரிந்ததுதான் தாமதம், வரிசையாகக் கதவுகள் திறந்தன.

"லைட் போட்டாச்சு, வாடா உள்ளே."

"ஏய், லைட் வந்துருச்சு பாரு. செருப்பை எடுத்துக்கிட்டு வா."

முதல் குரல் நாத்தனாருடையது. தலைவர் கீழே இறங்கி, எத்தனை நாளாக இப்படி என்று வேலியோரம் போய் விசாரித்தாள். சங்கை நிறுத்தினதிலிருந்தே இப்படித்தான், வேறு எதை வைத்துக் கூப்பிடுவது, நீங்கதான் அதைப் பிடுங்கிட்டீங்களே என்று நாத்தனார் சந்தடிச் சாக்கில் ஒரு குத்து குத்தினாள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லையாம். தானாகவே எல்லா வீட்டிலும் அப்படி ஆகிவிட்டதாம்.

தலைவர் மாடிக்குத் திரும்பி, மடித்த துணியை மறுபடி ஒரு தடவை மடித்தாள்.

லீவு முடிகிற நாள் காலையில் நகராட்சி இன்ஜினியரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். இன்று உள்தெரு விளக்குகளை மட்டும் ஏழு மணிக்குப் போட வேண்டும், மெயின் ரோடும் ஆஸ்பத்திரி ரோடும் வழக்கம்போல எரியட்டும் என்றாள். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"புகார் வரும் மேடம்."

"வரட்டும். நான் பதில் சொல்லிக்கறேன்."

"என்ன காரணம்னு எழுதறது?"

"சிக்கனம்னு எழுதுங்க. ஒரு மாசமா அதைத்தானே பேசிக்கிட்டிருக்கோம். ஒரு மணி நேரக் கரண்ட் மிச்சம்."

இன்ஜினியர் அந்த ஊரிலேயே பிறந்து, அந்தத் தெருக்களிலேயே முட்டியைத் தேய்த்துக்கொண்டு வளர்ந்தவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் கோப்பை மூடினார். லைன்மேனிடம் தானே நேரில் சொல்லிவிடுவதாகவும், போனில் சொன்னால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவருகே நின்று, "ஓடிப் பிடிக்கறதுக்கு அந்த நேரம் வெளிச்சம் பத்தாது மேடம். ஒளிஞ்சு பிடிக்கறதுக்குத்தான் லாயக்கு" என்றார்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, கணவனிடம்கூட. சொன்னால் அதுவும் அனுமதி ஆகிவிடும்.

சாயங்காலம் வாசல் கேட்டருகே போய் நின்றாள். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அடிக்கொரு தரம் கம்பத்தைப் பார்த்தார்கள். ஆறு மணி ஆயிற்று. விளக்கு வரவில்லை. வானம் சாம்பலாகி, எதிர்வீட்டுச் சுவரின் நிறம் கரைந்தது. அவள் வாசல் வாசலாகப் பார்த்தாள். ஒரே ஒரு அம்மா, "மணி என்ன ஆச்சு, வா உள்ளே" என்று குரல் கொடுத்தால் போதும். ஒரு கதவைத் தொடர்ந்து இன்னொன்று திறக்கும், பத்து நிமிஷத்தில் தெரு காலியாகிவிடும். அப்புறம் மகள் அடுத்த லீவு வரைக்கும் பேச மாட்டாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நாத்தனார் வந்தாள். கையில் போன். அதன் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. மணியைப் பார்க்கிறாள் என்பதும் தெரிந்தது. பிறகு கம்பத்தைப் பார்த்தாள். பிறகு வேலியைத் தாண்டி அண்ணியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"இன்னும் லைட்டே போடலையே அண்ணி."

"ஆமா, போடலை."

"அப்ப மணி ஆகலை போலிருக்கு."

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனாள். போகும்போது வாசல் விளக்கையும் நிறுத்திவிட்டுப் போனாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டிலும் வாசல் விளக்கு அணைந்தது. அப்புறம் அதற்கடுத்த வீடு. தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போனது.

பிள்ளைகள் ஒரு கணம் நின்றார்கள். யாரோ, "ஒளிஞ்சு பிடிக்கலாம்டா" என்று கிசுகிசுத்தார்கள். பிறகு எல்லாத் திசையிலும் காலடிச் சத்தம்.

போன் அடித்தது. தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது குழாய், குப்பை, நாய் என்று புகார் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. விளக்கைப் பற்றித்தானே, கவனித்துக்கொண்டிருக்கிறோம் சார் என்று அவள் ஆரம்பித்தாள்.

"அம்மா, மெதுவாப் பேசுங்க," என்று அவர் ரகசியக் குரலில் சொன்னார். "என் வாசப்படிக்கு அடியில ரெண்டு பேர் ஒளிஞ்சிருக்காங்க. அவசரப்பட்டு லைட்டைப் போட்டுடாதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். கடையை மூடிவிட்டு வந்த கணவன் இருட்டில் கேட்டைத் தேடித் தடவி, அவள் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டு, இது யாருடைய வேலை என்று கேட்டான். சிக்கனம் என்றாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தெருவை ஒரு தடவை பார்த்தான். பார்க்க ஒன்றுமில்லை, அங்கங்கே அடக்கிய சிரிப்புத்தான் கேட்டது. நாற்காலி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனான்.

அப்போதுதான் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு எதுவோ வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"அசையாதே," என்றாள் மிளகா. "கையை இன்னும் கொஞ்சம் அகலமா வை."

தலைவர் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, முழங்கையை முடிந்தமட்டும் விரித்துக்கொண்டாள். சபையில் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்போதுகூட அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை. நாத்தனார் பையன் சுவர் சுவராகத் தடவிக்கொண்டு கேட்டருகே வந்தான்.

"அத்தை, மிளகாவைப் பாத்தீங்களா?"

"அவளா? என்கூடப் பேசறதையே நிறுத்திட்டாளேடா. எனக்கெப்படித் தெரியும்?"

அவன் நம்பிக்கொண்டு போய்விட்டான். முதுகில் ஒரு நெற்றி அழுந்திச் சிரிப்பை அடக்கியது. மணி ஏழுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.