நாலாவது கால்

உடைந்த நாற்காலிக் காலை அடுப்பில் வைத்து எரிக்கிற காலமாகிவிட்டது என்று மூக்கன் ஆசாரி வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார். சமஸ்தானம் போய் எட்டு வருஷம் ஆகிறது. அதோடு ஜனங்களின் நிதானமும் போய்விட்டது. துண்டை எடுத்துவைப்போம், ஆசாரி வந்து பார்க்கட்டும் என்று நினைக்க ஆள் இல்லை. எரித்தது அந்த வீட்டுச் சமையல்காரி பிச்சையம்மாள். எழுபதைத் தொடப்போகிற கிழவிக்கே இந்தப் புத்தி.

வீடு திருமயத்துக்குப் பக்கத்தில், கண்ணம்மை ஆச்சியுடையது. ஆச்சியின் மாமனார் பெரிய செட்டியார் பர்மாத் தேக்கில் செய்வித்த நாற்காலி அது. செய்தவர் மூக்கனின் அப்பா. புதன்கிழமை சம்மந்தி வீட்டார் வருகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர் அதில்தான் உட்கார வேண்டும். ஆச்சி எடுத்துக் கொடுத்த பழைய தேக்குப் பலகையில் மூக்கன் நாலாவது காலைக் கடைந்து பொருத்திவிட்டார். சாயம்தான் சேரவில்லை.

செங்காவியும் கரியும் அரக்கில் குழைத்து மூன்று முறை பூசினார். முதலில் சிவப்பு தூக்கியது. அடுத்தது கறுத்தது. மூன்றாவது நிழலில் சரியாகத்தான் இருந்தது. முற்றத்து வெயிலில் நிறுத்தினால், பழைய மூன்று கால்களிலும் சிவப்புக்கு அடியில் தேன் நிறம் மினுங்கியது. புதுக்கால் ஊறின புளி மாதிரி செத்துக் கிடந்தது. காவியில் செங்கல்தூள் கலந்திருப்பான் கடைக்காரன் என்று திட்டினார்.

ஆச்சி வந்து பார்த்தாள்.

“தேக்கோட தேக்கு சேராமப் போகுமா ஆசாரியாரே? நான் குடுத்த பலகை எங்கிட்டுப் போச்சு?”

“எங்கிட்டும் போகலை. அந்தா நிக்கிதே!”

“அது என்ன மரமோ. சாயத்தைப் பூசி என் கண்ணைக் கட்டலாம்னு பாக்குறீங்களா?”

மரத்தை மாற்றினான் என்று இந்த வீட்டில் ஒரு சொல் கிளம்பினால் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு வாசலும் ஏற முடியாது. “ரெண்டையும் சீவிக் காட்டுறேன், நீங்களே பாருங்க” என்று மூக்கன் நாற்காலியைக் கவிழ்த்தார். தாம் கடைந்த காலில் ஓர் ஓரம் சீவினார். தேக்கு. பிறகு பழைய காலில் உளியை வைத்தார்.

மஞ்சள். பச்சை மஞ்சளை நறுக்கினது போல மஞ்சள்.

அடுத்த காலைச் சீவினார். இருக்கையின் அடியைச் சீவினார். எல்லாம் பலா. ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யய்யோ, நம்ம வீட்டுல பலாவா!”

அடுப்படியிலிருந்து பிச்சையம்மாள் வந்தாள். “இதுக்குத்தான்ப்பா அந்தக் காலை எரிச்சேன். ஒன் கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“சீவலை வாரிக் கொட்டினவ நான்தானே. மஞ்சளா இருக்கேன்னு ஒங்கப்பாவைக் கேட்டேன். தேக்கைப் பெரிய செட்டியார் ரங்கூன்லயே வித்துட்டாரு, வெளிய சொன்னா குடும்ப மானம் போயிரும்னு சொல்லி, என் தலையில கைய வச்சுச் சத்தியம் வாங்கினாரு.”

“யாரு சொன்னது? செட்டியாரா, எங்கப்பாவா?”

“ஒங்கப்பாதான். செட்டியார்கிட்ட நான் எங்க பேசுனேன்?”

நாற்காலி செய்தபோது மூக்கனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று நாள் காவி அரைத்தது அவர் கைதான். தேக்குக்கு மெருகு என்று அப்பா சொன்னார். தேக்குக்கு எதற்கு அவ்வளவு காவி என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

ஆச்சி மூச்சுவிட்டாள். குரல் இறங்கிவிட்டது. “ஒங்க மேல தப்பில்லை ஆசாரியாரே. மாமனார் பண்ணுன காரியம்தான். ஒங்கப்பா பாவம், வெளிய விடாம காப்பாத்தியிருக்காரு. பலாவுலயே ஒரு காலு கடைஞ்சு, அதே காவியைப் பூசிருங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்.”

“வேற ஆளைப் பாருங்க ஆச்சி.”

“ஏன், நான் கேட்டது கோவமா?”

அவர் சாயச் சட்டியையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் பிச்சையம்மாள், “சத்தியமாச் சொல்றேம்ப்பா” என்று கூப்பிட்டாள்.

அவருடைய வீட்டு வாசல்நிலை பர்மாத் தேக்கு. செட்டியார் கொடுத்த கழிவுத் துண்டில் செய்தது என்று அப்பா சொல்லியிருந்தார். கழிவுத் துண்டில் ஏழடி நிலை வருமா? திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.