திருப்பிப் போட்ட மலைப்பாதை

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. மேஜைமேல் பழைய வார இதழ்களுக்கு நடுவே ஒரு மலைநடை வழிகாட்டி கிடந்தது. யாரோ மறந்து விட்டுப்போனது, மழையில் நனைந்து ஓரமெல்லாம் உப்பியிருந்தது. எடுத்துப் புரட்டினேன். அருவி, புல்வெளி, வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் ஏரி. படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் பாதி வழிகளின் முடிவில் ஒரே வாக்கியம்: "வந்த வழியே திரும்பவும்."

உள்ளே யாரோ ஒருவருக்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம் வந்தது அதனால் அல்ல. வந்த வழியை யார் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள்? போகும்போது கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு மலை, திரும்பும்போது இருப்பது வேறொரு மலை. இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் புத்தகம் கூசாமல் சொல்கிறது. என் முறை வந்தபோது பல்வலி மறந்தே போயிருந்தது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"மலை அன்று அமைதியாக இருந்த—"

வேண்டாம். மலை என்றைக்குச் சத்தம் போட்டது?

"அவள் கடைசியாகச் சிரித்தது அந்த—"

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். 'கடைசியாக' என்ற சொல்லை என் கையில் யார் கொடுத்தது? நான் யாரையும் கொல்வதாக இல்லை. சத்தியமாக இல்லை.

மூன்றாவது தொடக்கம் சாதுவானது: "அண்ணி ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தாள்." இதோடு போவோம்.

3

அண்ணி ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலை பார்த்தாள். மாடியில் இரண்டு அறை, ஒரு மின்விசிறி. அது சுற்றினால் பிழை பார்க்கிற ப்ரூஃப் தாள்கள் பறக்கும், நிறுத்தினால் புழுங்கும். ஆகவே ஆளுக்கொரு கூழாங்கல் வைத்துக்கொண்டு தாளை அமுக்கிப் படித்தார்கள். மலைநடை வழிகாட்டிகள்தான் அங்கே பிழைப்பு. அண்ணிக்கோ உயரம் என்றாலே ஆகாது, நாற்காலிமேல் ஏறி பல்பு மாற்றச் சொன்னால்கூட முகம் வெளுத்துவிடும். மலையைப் பற்றி அவள் திருத்தாத வாக்கியம் கிடையாது, மலையில் கால் வைத்ததும் கிடையாது.

அவளை 'அண்ணி' என்று கூப்பிடுவது அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. அந்த வாயால் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது.

[கதையை எழுதிய முதல் படியில் நாத்தனார் கிடையாது, அண்ணியின் சொந்தத் தங்கைதான் இருந்தாள். மாற்றினேன். சொந்தத் தங்கைக்கு ஒன்று ஆனால் அழலாம், ஊரே கூட அழும். நாத்தனாருக்கு ஒன்று ஆனால் வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொல்ல வேண்டும், மாமியாரிடம் சொல்ல வேண்டும். "உன் புத்தகத்தை நம்பித்தானே போனா" என்று அவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுகூட இல்லை. பார்த்தாலே போதும். கதையில் நாத்தனார் வந்தாலே சண்டை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும், இவர்கள் இருவரும் ஒருவர் தட்டில் மற்றவர் கை போட்டுத் தின்கிறவர்கள்.]

மலைக்குப் போகும் பஸ் வழி மாறியதில் வந்தது வினை. கிழக்கு அடிவாரத்தில் நின்ற பஸ் இப்போது மேற்கு அடிவாரத்தில்தான் நிற்கிறது. வழிகாட்டியோ கிழக்கிலிருந்து ஏறி மேற்கில் இறங்கச் சொல்கிறது. அதை எழுதியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

"புதுசா எழுத வேணாம்மா," என்றார் முதலாளி. "அப்படியே திருப்பிப் போட்டுடு. இடதுன்னா வலது, ஏத்தம்னா எறக்கம். ஒக்காந்த எடத்துலயே முடிஞ்சுடும்."

உட்கார்ந்த இடத்திலேயேதான் முடித்தாள். பொறுப்பாக முடித்தாள். ஒரு இடது விடாமல் வலது ஆக்கினாள். கடைசி வாக்கியத்தை முதலில் வைத்து, முதல் வாக்கியத்தைக் கடைசியில் வைத்து, கூழாங்கல்லை நகர்த்தி நகர்த்தித் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு உதைக்கிறது.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் ப்ரூஃப் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தராவது நடந்து பாக்க வேணாமா, அண்ணி?"

"யாராவது ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போடி."

"கூட ஆள் வந்தா பேச்சுதான் வரும், பாதை வராது. போன்லகூட மேப் பாக்க மாட்டேன். நீங்க எழுதினது மட்டும்தான். நீங்க நில்லுன்னா நிப்பேன், திரும்புன்னா திரும்புவேன். எங்க அண்ணன்கூட உங்க பேச்சை இவ்வளவு கேட்டதில்ல."

"வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிடும்."

"சாயங்காலம் கிழக்குப் பக்கம் காரோட வந்து நில்லுங்க. மேல ஏற வேணாம், கீழயே நின்னா போதும். பயப்படாதீங்க."

'பயப்படாதீங்க' என்று யாராவது சொன்னால்தான் அண்ணிக்குப் பயமே ஆரம்பிக்கும். எனக்கும் அப்படித்தான். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், ஆனால் அவள் சொல்லிவிட்டாளே.

5

படம் வரைகிறவர் மதியம் போன் செய்தார். புத்தகத்துக்கான வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். உச்சிலேர்ந்து எறங்கறப்போ கோடு ரெண்டாப் பிரியுதே, அதுல எதுக்கு அம்புக்குறி போடணும்?"

"எங்க பிரியுது? அப்படி ஒரு எடமே இல்லையே."

"பழைய படத்துல இருக்கே. குவாரிப் பாதை வந்து சேருற எடம்."

அண்ணி பழைய புத்தகத்தை எடுத்து விரித்தாள். கிழக்கிலிருந்து ஏறி வருகிறவனுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கைவிடப்பட்ட கல்குவாரியிலிருந்து வரும் பாதை அவன் முதுகுப் பக்கமாக வந்து ஒட்டிக்கொள்கிறது, அவன் பார்க்கக்கூட மாட்டான். முடிவெடுக்க வேண்டிய இடமே அல்ல என்பதால் எழுதியவரும் ஒரு வரி எழுதவில்லை. இல்லாத வரியை அண்ணி எப்படித் திருப்பிப் போடுவாள்?

இறங்குகிறவளுக்கோ அங்கே இரண்டு பாதை. வலது பக்கம் போனால் அடிவாரம். இடது பக்கம் போனால் குவாரியின் விளிம்பு. அண்ணியின் தாளில் இருப்பது இவ்வளவுதான்: "பாதையைத் தொடர்ந்து இறங்கவும்."

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் வெள்ளையாக மூடிக் கிடந்தது. செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினாள்.

6

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. அவளுக்காக அல்ல, எனக்காக.

நான் இந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எழுதினேன். நாத்தனார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறாள். "அண்ணி, உங்க புக்குல ஒரு எடத்தையே காணோம்" என்று கிண்டல் செய்கிறாள். மாமியார் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறாள். நான் கோழை, அவள் பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று தெரிந்த பிறகுதான் அவளை மலைக்கு அனுப்பவே துணிந்தேன். அங்கிருந்து பின்னோக்கி எழுதினேன். வாசற்படிக்கு முன்னால் கார், காருக்கு முன்னால் அடிவாரம், அதற்கு முன்னால் பனிமூட்டம், உச்சி, காலை. எல்லாம் கச்சிதமாக ஒட்டியது. பிறகு உங்களுக்காகத் திருப்பிப் போட்டேன்.

இப்போதுதான் தெரிகிறது. பின்னோக்கி எழுதும்போது அவள் வலது பாதையிலிருந்து வந்தாள். வேறு எங்கிருந்து வருவாள்? முன்னோக்கி வரும்போது அவள் ஏன் வலது பக்கம் போக வேண்டும்? இடது பாதையில் லாரிகள் ஓடியிருக்கின்றன, அகலமானது, பனியிலும் கண்ணுக்குத் தெரியும். வலது பக்கம் இருப்பது புல் மூடிய ஒற்றையடித் தடம். அவளை வலது பக்கம் திருப்ப நானும் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன்.

"அப்போது ஆடு மேய்க்கிற ஒருவர்—" அந்தப் பனியில் எந்த ஆடு மேயும்?

"ஏதோ ஒரு உள்ளுணர்வு அவளை—" வெட்கமாக இருக்கிறது.

"அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை—" இருந்தது. பலகையும் வேலிக் கம்பியும் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டன.

7

அடிவாரத்தில் அண்ணி காரை நிறுத்தினாள். கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள். பனிமூட்டத்தில் காரின் முன்விளக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

இடம் உங்களுக்குச் சரியாகப் புரிய வேண்டும். கார் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே குவாரி. செங்குத்தாக வெட்டிய பாறை, உள்ளே தேங்கிய தண்ணீர். வலது பாதை அதைச் சுற்றிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் இறங்குகிறது. இடது பாதையில் வருகிறவளுக்கும் காருக்கும் நடுவே குவாரி மட்டும்தான்.

அண்ணி அந்த ஒற்றையடித் தடத்தில் ஏறத் தொடங்கினாள். உயரமாவது ஒன்றாவது. புல்லைப் பிடித்துக்கொண்டு, முட்டி சிராய்த்து, வாய்க்குள் ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினாள். பிரிகிற இடத்துக்கு நாத்தனார் வருவதற்கு முன்னால் போய்விட்டால் போதும்.

"அண்ணீ..."

மேலேயிருந்து குரல். கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டிருக்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது? வலமா, இடமா? அண்ணி தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள். பனிக்குள் குரலுக்குத் திசையே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தவள் கையால் பொத்திக்கொண்டாள். நாத்தனார் இடது பாதையில் இருந்தால், அண்ணியின் குரல் வரும் பக்கம் நேராக நடந்து வருவாள். நேராக வந்தால் குவாரி.

8

'நில்' என்று கத்தச் சொல்கிறீர்கள். கதையின் நான்காவது படியில் கத்த வைத்தேன். அவ்வளவு தூரத்துக்குச் சொல் போய்ச் சேராது, குரல்தான் சேரும். "இதோ வந்துட்டேன் அண்ணி" என்று அவள் நடையை எட்டிப் போட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

சரி, வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்கிறீர்கள். ஐந்தாவது படியில் அப்படியே இருந்தாள். அந்தப் படியில் நாத்தனார் வலது பாதையில்தான், சரியான பாதையில்தான் வந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராததால், வழி தவறிவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்து திரும்பி, பிரிகிற இடம் வரை போய், அகலமான பாதையைப் பிடித்தாள். அதையும் கிழித்தேன். ஆறாவது படி எழுத என்னால் ஆகாது.

அண்ணி வாயைப் பொத்திய கையோடு சரிவில் நிற்கிறாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது. ஒரே ஒரு சொல், சொல்வதா வேண்டாமா என்று கேட்கிறாள். நான் சொன்ன இரண்டும் பொய்த்துவிட்டன, என்னிடம் இனிக் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். உங்களைத்தான் பார்க்கிறாள். தாமதிக்காதீர்கள்.

"அண்ணி... இருக்கீங்களா?"

முன்பைவிடப் பக்கத்தில் கேட்கிறது. நடந்துகொண்டேதான் கேட்கிறாள்.