லேசான மட்டை

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களைவிட டென்னிஸ் மட்டைகளோடுதான் பேச்சுவார்த்தை அதிகம். சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னத் தராசு எப்போதும் இருக்கும், மட்டையை எடை போட. மாவு அளக்க நான் அதைத் தொட்டால் முகம் சுண்டிப்போகும். ஆடுவதென்னவோ வாரத்துக்கு ஒரு நாள். அதிலும் பாதி நேரம் அடுத்தவர் மட்டையை வாங்கித் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மனிதர் கையில் என் தங்கை வந்து மாட்டினாள். புருஷனோடு வாழ முடியாமல் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. வேலை விட்டால் அறை, அறையை விட்டால் வேலை. அவளிடம் என்ன பேசுவதென்று இவருக்குத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் மைதானத்துக்கு வருகிறாயா என்று கேட்டுவைத்தார். பள்ளிக்கூடத்தில் ஆடியவள்தானே, அவளும் கிளம்பிவிட்டாள். அதுவரை நல்ல காரியம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

கூத்து அதற்கப்புறம்தான். பெண்பிள்ளைக் கைக்குக் கனம் ஆகாது என்று, இருப்பதிலேயே லேசான மட்டையாகப் பார்த்து வாங்கி வந்தார். மட்டையில் கனமில்லாவிட்டால் பந்து எப்படிப் போகும்? வலையைத் தாண்டவே திணறியது. உடனே வேகம் வேண்டுமென்று, தலை பெருத்து, பிரேம் துளிகூட வளையாத விறைப்பான மட்டை ஒன்று வந்தது. இப்போது பந்து கோட்டைத் தாண்டி வேலியில் போய் விழுந்தது. அடி கட்டுக்குள் நிற்கவில்லை என்று, முரட்டு நரம்பு வாங்கிக் கட்டி, இறுக்கு இறுக்கென்று இறுக்கினார். ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்று, அதைச் சரி செய்யப் போய் வேறொன்று. ஒரு நாள் அந்த மட்டையை வாங்கி நானும் ஒரு பந்தை அடித்துப் பார்த்தேன். விர்ரென்று அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியது. இதை வைத்து மனுஷி ஆடுவாளா என்று கேட்டால், எனக்குப் பந்தை மட்டையின் நடுவில் வாங்கத் தெரியவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு மாற்றத்தையும் தன் கையால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பார். அவர் கை உலக்கை மாதிரி, அதற்கு என்ன தெரியும்? எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்பார். "சுகமா இருக்கு அத்தான்" என்பாள் அந்தப் புண்ணியவதி. இவருக்குத் தலைகால் புரியாது.

போன வாரம் சர்க்கரை பார்க்க அவள் வேலை செய்யும் இடத்துக்கே போனேன். அவள்தான் ரத்தம் எடுக்க வந்தாள். குத்தினாள், ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள், அப்போதும் வரவில்லை. அக்கா என்றால் அவ்வளவு இளக்காரமா என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். சட்டைக் கைக்குள் முழங்கையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தாள்.

வெளியே இழுத்துக்கொண்டு வந்து கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. ஏற்கெனவே புகார் வந்துவிட்டதாம். கை சரியாகாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

"வாயில என்னடி வச்சிருந்த? அவர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"அத்தான் எங்கிட்ட பேசுறதே அந்த மட்டையப் பத்தித்தான்க்கா. வேணாம்னு சொல்லிட்டா, அப்புறம் அந்த வீட்டுல நான் யாரு?"

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்றிருந்தது எனக்கு. பாவி, இத்தனை நாளும் இதையா மனசில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாள்!

அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் நின்று அவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். தெருவுக்கே கேட்டிருக்கும். வேலை போகப்போகிறது என்கிறேன், மனிதர் நரம்பைத் தளர்த்தலாம் என்கிறார். பிரேமில் கொஞ்சம் கனம் ஏற்றினால் அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளுமாம், லேசாக வாங்கியதுதான் தப்பாம். அவள் கை எப்படி இருக்கிறதென்று என்றைக்காவது கேட்டீர்களா என்றேன். கேட்டேனே, சுகமாக இருக்கிறதென்றுதானே சொன்னாள் என்றார். அது உண்மை என்பதால் என் எரிச்சல் இரண்டு மடங்கானது.

தங்கை வாசலோரமாகவே நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வலிக்குதாம்மா?"

"கொஞ்சம் அத்தான்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

இதற்கும் ஓர் அளவு வேண்டுமா இந்த மனிதருக்கு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"சீப்பத் தூக்க முடியல அத்தான்."

அவர் முகம் வெளிறிவிட்டது. எந்த மட்டையிலிருந்து வலி என்று கேட்டார். முதல் மட்டையிலிருந்தே என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நான் ஆட வரல அத்தான்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "ஆனா... இங்கயே இருக்கலாமா?"

அவர் விருட்டென்று எழுந்தார்.

"இருக்காம எங்க போவ?" என்றார், கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டது போல எரிச்சலாக. "செருப்பப் போடு. மொதல்ல டாக்டரப் பாத்துட்டு வரலாம்."