கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம்

சரக்குக் கிடங்கில் என் அண்ணனுக்குக் கிரேன் என்று பெயர். இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கியவன். அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தோள்தான் சோறு போட்டது. நான் மட்டும் நழுவி, இதய ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீசியன் ஆனேன். எலியின் இதயத்தைத் தனித்தனி செல்லாகப் பிரித்து அவற்றை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. எங்கள் கட்டிடத்தில் அதை என்னைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது.

ஏழு வாரத்துக்கு முன் அண்ணனுக்கு மூச்சிரைத்தது, கால் வீங்கியது. இதயம் செயல் இழந்து வருகிறது என்றார் டாக்டர். நீர் மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் அவனுக்கு மூட்டை தூக்கக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிறானாம். துடிப்பைத் தணிக்கும் வெள்ளை மாத்திரையை வேறு நிறுத்திவிட்டான். அண்ணி போனில் அழவில்லை, கத்தினாள்.

"உங்கண்ணனுக்கு எடுத்துச் சொல்லி என் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. இனி நீயாச்சு அவராச்சு."

அனுமதி வாங்கி, சனிக்கிழமை காலை அவனைக் கூடத்துக்கே கூட்டி வந்தேன். இருப்பதில் பெரிய வெள்ளைக் கோட்டைக் கொடுத்தும் பொத்தான் போட முடியவில்லை.

"இதப் போட்டுக்கிட்டு நான் முடி வெட்டவா?" என்றான்.

"வாய மூடிக்கிட்டு இங்க பாருண்ணா."

திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினேன். மேலே இருந்தது நல்ல எலியின் செல். கீழே, போன மாதம் பதிவு செய்த நோயாளி எலியின் செல். செல் சுருங்கும்போது கோடு ஏறும், தளரும்போது இறங்கும். அண்ணன் சரக்குப் பார்க்கிற கண்ணோடு பார்த்தான்.

"மேல இருக்கறவன் டக்குன்னு தூக்கி டக்குன்னு இறக்குறான். கீழ இருக்கறவன் தூக்குறதே அரைகுறை. அதையும் இறக்க மாட்டேங்குறான்."

எங்கள் பேராசிரியர் இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

"அதேதான். செல்லுக்குள்ள கால்சியம் கொட்டுனா அது சுருங்கும். கொட்டினத வாரி உள்கிடங்குல போட ஒரு பம்பு இருக்கு. வாரினாத்தான் தளர முடியும். நோயில அந்தப் பம்பு சோர்ந்துபோகுது. அடுத்த தடவ கொட்டவும் கிடங்குல சரக்கு இருக்காது."

"முதுகுல ஒரு மூட்டை இருக்கறப்பவே அடுத்ததா?"

"உன் நெஞ்சுல நடக்கறது அதுதான்."

"அப்ப இன்னும் விரட்டித்தானே வேலை வாங்கணும்? அந்த வெள்ளை மாத்திரை துடிப்பக் குறைக்குதே!"

"உடம்பும் உன்ன மாதிரிதான் நினைக்குது. ராப்பகலா அட்ரினலினை ஊத்தி விரட்டுது. சரி, உங்க மேஸ்திரி நாள் முழுக்கக் கத்துனா என்ன ஆகும்?"

"முத ரெண்டு நாள் ஓடுவோம். அப்புறம் அவர் பாட்டுக்குக் கத்துவார், நாங்க பாட்டுக்கு நிப்போம்."

"செல்லும் அதையேதான் பண்ணுது. அந்தச் சத்தத்தக் கேக்கறதுக்குன்னு அதுமேல காதுகள் இருக்கு. அதுல பாதிய உள்ள இழுத்துக்குது. மாத்திரை மேஸ்திரியோட சத்தம் அந்தக் காதுகள்ல விழாமப் பாத்துக்குது. சில மாசம் அமைதியா விட்டா காது வெளிய வரும், பலருக்குப் பம்பும் தேறும்."

அண்ணன் தலையை ஆட்டினான். ஆனால் முகம் இளகவில்லை.

"எல்லாம் சரி. அந்த மாத்திரை என்னைய பாத்ரூம்ல உருட்டிவிட்டுச்சு. அதுக்கு என்ன சொல்ற?"

"டாக்டர் கொடுத்ததே குருவிக்குக் கொடுக்கற அளவு. அதுக்கா உருண்ட?"

அவன் கோட்டின் பையைத் துழாவினான். அதற்குள் என் வேலைக்கு நேரமாகிவிட்டது.

காலையில் பிரித்த செல்கள் இரண்டு கிண்ணங்களில் கிடந்தன. பிரிப்பதற்காகக் கால்சியமே இல்லாத நீரில் வைத்திருந்தேன். இனி கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து தவணையாக, நடுவில் எட்டெட்டு நிமிடம் விட்டு.

"இதுக்குப் போய் அஞ்சு தவணையா? கடைசியில எல்லாம் உள்ளதான போகப் போகுது. மொத்தமா ஊத்திட்டு வேற வேலையப் பாரு."

சின்னக் கிண்ணத்தில் இருந்தவை எனக்கு மிச்சம்தான். அதை அவன் முன்னால் தள்ளி, கால்சியம் மொத்தத்தையும் சொட்டுக் குழாயில் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"நீயே ஊத்து."

ஊற்றினான். கிண்ணத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். வரிவரியாகச் செங்கல் போலக் கிடந்த செல்கள் திரையில் ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் உருண்டை.

"என்ன ஆச்சு இதுங்களுக்கு?"

"செத்துப்போச்சு."

"நானா கொன்னேன்?"

"பின்ன நானா?"

பெரிய கிண்ணத்துக்கு முதல் தவணையைக் கொடுத்தேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தையும் என் கையையும் மாறிமாறிப் பார்த்தான். மூன்றாவது தவணை போகும்போது என் பக்கம் திரும்பினான்.

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாத்திரையக் கூட்டிக்கிட்டே போகணும், கடைசியில எட்டு மடங்கு வரும்னு டாக்டர் சொன்னார்."

"ஆமா."

"போய்ச் சேர வேண்டிய இடம் எட்டுதானேன்னு, முத நாளே எட்டையும் ஒண்ணா முழுங்கிட்டேன்."

குழாயைக் கீழே வைத்துவிட்டேன்.

"உனக்கு அறிவு இருக்கா? நாடி படுத்து அங்கேயே போயிருப்ப!"

"கத்தாத. அரை மூட்டை தூக்கிப் பழகுனவனா நான்? குருவிக்குக் கொடுக்கறத எனக்குக் கொடுத்தா ரோஷம் வராதா?"

"விழுந்ததும் டாக்டரக் கேக்காம நிறுத்துன பாரு, அதுவும் ஆபத்துதான்."

"சரி, விடு."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"மாத்திரை ஒத்துக்கலன்னு சொன்னேன்."

"உண்மையச் சொல்லணும். அவர் சொல்ற அளவுல திரும்ப ஆரம்பிக்கணும்."

"பழையபடி தூக்குவனா?"

"அது தெரியாது. மாடி ஏறுவ, மூச்சிரைக்காமத் தூங்குவ. அதுக்கு மேல இதயம் எவ்வளவு தேறுதுன்னு பாக்கணும். தேறின இதயத்த நான் நிறையப் பாத்திருக்கேன்."

ஐந்தாவது தவணை முடியும்போது அவன் போன் அடித்தது. மேஸ்திரியின் குரல் எனக்கே கேட்டது.

"என்னப்பா, திங்கக்கிழமை கிரேன் வருதா?"

அண்ணன் கிண்ணத்தைப் பார்த்தான்.

"வராதுங்க. திங்கக்கிழமை டாக்டரப் பாக்கணும். நாலஞ்சு மாசத்துக்கு வேற ஆளப் போட்டுக்குங்க. நீங்க எவ்வளவு கத்துனாலும் எனக்குக் காது கேக்காது."

போனைப் பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "எட்டையும் முழுங்குன கதைய அண்ணிகிட்ட சொல்லிறாத. டாக்டர் திட்டறதோட போகட்டும்."

"அண்ணிகிட்டதான் முதல்ல."

பெரிய கிண்ணத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து துடிக்கவைக்கும் மின்விசையைச் சொடுக்கினேன். நீளநீளமாகக் கிடந்த செல்கள் ஒரே நேரத்தில் சுருங்கித் தளர்ந்தன.

"இன்னொரு தடவ சொடுக்கு" என்றான்.

சொடுக்கினேன். திரையை ஒட்டிக் குனிந்து ஒரு செல்லை மட்டும் விரலால் காட்டினான்.

"இறக்கிட்டான்."