தொண்ணூற்று மூன்று

மானிட்டரில் குழந்தையின் ரத்த ஆக்சிஜன் நூறு என்று இருந்தது. ஐந்து நாளாக நூறுதான். கண்ணாடிக்கு வெளியே நின்ற மாமியார் போனில் யாரிடமோ, "என் பேத்தி நூத்துக்கு நூறு. அவ அம்மா ஒரு பரீட்சையிலயும் வாங்காததை இவ வாங்கிட்டா" என்றார். சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அவன் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சை அறைக்குள் நின்றான். ஒருவருக்குத்தான் அனுமதி. தொட்டில் அட்டையில் அவன் மனைவியின் பெயரும், கீழே 'பெண் குழந்தை' என்றும் எழுதியிருந்தது. பிரசவத்தில் அவள் போய்ச் சேர்ந்து ஆறு நாள். இந்த அறையில் மட்டும் தினமும் பத்து முறை அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வண்டிப் புகை பரிசோதிக்கும் நிலையத்தில் அவனுக்கு வேலை. நைட்ரிக் ஆக்சைடு அளவு மீறினால் சிவப்பு முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவான். அதே வாயுவைத் துளியளவு தன் மகளின் மூச்சில் கலக்கிறார்கள் என்று தெரிந்த அன்றே சண்டைக்குப் போனான். தாயின் வயிற்றுக்குள் குழந்தை கழித்த மலம் அதன் நுரையீரலுக்குள் போய் ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டன, தளர்த்தத்தான் இது என்றார்கள். ஒப்புக்கொண்டான். ஆக்சிஜனைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. ஆக்சிஜனைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

விடுப்பு முடிந்து அன்றுதான் வந்த பெரிய டாக்டரம்மா வெண்டிலேட்டரைக் குனிந்து பார்த்தார். "இன்னுமா நூறு சதவீத ஆக்சிஜன் போகுது?"

நர்ஸ் நோட்டை எடுத்தாள்.

"நூறுன்னா நல்லதுதானே?" என்றான் அவன்.

"இல்ல சார். ரத்தத்துல தொண்ணூறுக்கு மேல இருந்தாலே போதும். தேவைக்கு மேல போற ஆக்சிஜன் நுரையீரலைப் புண்ணாக்கும். அந்த நைட்ரிக் ஆக்சைடோட சேர்ந்தா நைட்ரஜன் டை ஆக்சைடும் உண்டாகும்."

அது அவனுக்குத் தெரியும். நிலையத்தில் அதற்குத் தனி அலாரமே உண்டு.

"அஞ்சு நாளா? படிச்சவங்கதானே எல்லாரும்? அவ அம்மாவை அனுப்பியாச்சு, இவளையும் அனுப்பப் பாக்குறீங்களா? யார் இதைத் திருகி வெச்சது?" என்று நர்ஸிடம் கத்தினான்.

நர்ஸ் நோட்டைப் புரட்டி இரண்டாம் நாள் பக்கத்தை அவன் முன் வைத்தாள். ஆக்சிஜன் எண்பதாகக் குறைப்பு. மானிட்டரில் 93. தந்தையின் எதிர்ப்பால் மீண்டும் நூறு.

மனைவியை எரித்துவிட்டு நேரே இங்கே வந்த நாள் அது. நூறு இறங்குவதைக் கண்டதும், "நம்பர் விழுது, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தியிருந்தான். அதன்பின் அவனுக்கு இங்கே 'சண்டைக்கார அப்பா' என்று பெயர். ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கும் குமிழை யாரும் தொடவில்லை.

நோட்டை மூடினான்.

"நான் கத்தினா கேட்டுருவீங்களா சிஸ்டர்? நான் யாரு, புகை பாக்குறவன். வண்டிக்காரன் கத்துறான்னு நான் முத்திரையை மாத்திக் குத்துவேனா?"

"தப்பு எங்களோடது" என்றார் டாக்டரம்மா.

"அதை எழுதிக் குடுங்க."

"தரேன்."

"நுரையீரல்?"

"கொஞ்சம் புண்ணாயிருக்கு. எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது." குமிழில் கை வைத்தவர் அவனைப் பார்த்தார். "குறைக்கலாமா?"

"என்னைக் கேக்காதீங்க."

டாக்டரம்மா திருகினார். தொண்ணூறு. கொஞ்சம் பொறுத்து எண்பது. மானிட்டரில் நூறு தொண்ணூற்றேழாகி, தொண்ணூற்று மூன்றில் நின்றது. மாமியார் கண்ணாடியைத் தட்டினார். "மாப்பிள்ளை, குறையுது! சும்மா நிக்கிறீங்களே, சொல்லுங்க!"

அவன் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான். குழந்தையின் பாதத்தில் சுற்றியிருந்த, அந்த எண்ணை அளக்கும் பட்டைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. தோலைத் தாண்டி வெளிச்சம் வந்தது. விரல்கள் ஐந்தும் உள்ளிருந்து சிவந்திருந்தன. மாமியார் கண்ணாடியை இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.