தம்பிக்கு மட்டும் வரும் ஆபத்துகள்

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொருமுகிறவர்கள் உண்டு. அடுத்தவன் வண்டியை, சம்பளத்தை, அறுபது வயதிலும் கொட்டாத தலைமுடியைப் பார்த்துப் பொருமுகிறவர்களும் உண்டு. ஆனால் சொந்தத் தம்பியின் சிறுநீரகக் கல்லைப் பார்த்து வயிறு எரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

கல்லும் சாதாரணக் கல் இல்லை. அதை வெளியே எடுத்த மருத்துவர் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சுமந்துகிட்டு நடந்தா வந்தீங்க?" என்று கேட்டாராம். இன்றைக்கும் அந்த மருத்துவமனையில் ஒரு மேசைமேல் காகிதம் பறக்காமல் காவல் இருக்கிறதாம். சொன்னது தம்பி. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் குடிலில் வைக்கிற பாலன் இயேசு தம்பி கைக்குத்தான் போனார்.

பாலன் யார் கைக்குப் போவது என்பதுதான் அந்தக் குடும்பத்தில் பெரிய வழக்கு. அம்மா இருந்தவரை, கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வந்ததும் குடிலில் குழந்தை இயேசுவை வைப்பது அம்மாதான். அம்மா போன அடுத்த கிறிஸ்துமஸில் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பொம்மையைப் பிடித்தார்கள். இருவருக்கும் குடும்பம், குழந்தைகள் எல்லாம் ஆகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பாலனின் கை கழன்று வந்தது. பசை போட்டு ஒட்டிய பிறகு அப்பா தீர்ப்பு சொன்னார்: "இனிமே ரெண்டு பேரும் சாட்சி சொல்லுங்க. ஆண்டவர் இந்த வருஷம் என்ன செஞ்சார்னு சொல்லி நன்றி சொல்லுங்க. யார் சாட்சிக்கு நான் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைக்கிறேனோ, அவன் வைக்கட்டும்."

அப்பா ஆயுள் முழுக்க நீதிமன்றத்தில் சிப்பந்தியாக நின்று சாட்சிகளைக் கூவிக் கூப்பிட்டவர். எந்தச் சாட்சியில் உயிர் இருக்கிறது என்பது அந்த ஆள் கூண்டில் கால் வைக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். தீர்ப்பு வரும்வரை பாலன் அவருடைய சட்டைப் பையில், இருமலுக்காக அவர் போட்டுவைத்திருக்கும் பெப்பர்மின்ட் மிட்டாய்களோடு படுத்திருப்பார்.

தம்பி வீட்டுச் சாமான்களை வேனில் கொண்டுபோய் இறக்குகிற வேலை பார்ப்பவன். ஆபத்துகள் எல்லாம் அவன் முகவரியைக் கேட்டுக்கொண்டு வந்துசேரும். ஒரு வருடம் வேன் ஆற்றில் விழுந்து, மூழ்காமல் மிதந்து, பாலத்தைச் சுற்றிப் போகிற அலைச்சலை மிச்சப்படுத்தி அக்கரையில் ஒதுங்கியது. ஒரு வருடம் மின்னல் குடைமேல் இறங்கிக் கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டுப் போனது. இன்னொரு வருடம் தேனீக்கூட்டம் ஒன்று அவன் தொப்பிக்குள் குடியேறி, ஊர் எல்லைவரை கூடவே வந்து, ஒன்றுகூடக் கொட்டாமல் இறங்கிக்கொண்டது. ஒவ்வொன்றையும் அவன் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் கை கண்ணாடிக்குப் போய்விடும்.

அண்ணனுக்கு எதுவுமே நடக்காது. காலையில் போவான், லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போடுவான், சாயங்காலம் வருவான். அவன் பராமரித்த லிஃப்ட் எதுவும் நடுவில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. லிஃப்ட் நிற்காததற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டு நன்றி சொல்கிற ஆளும் இல்லை.

"ஆண்டவரே, எனக்கு ஒரே ஒரு ஆபத்து கொடும்" என்று அந்த டிசம்பரில் அவன் முழங்காலில் நின்று முணுமுணுத்தது, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"என்னங்க, என்ன கேக்குறீங்க அவர்கிட்ட?"

"பெருசா ஒண்ணும் இல்லடி. எலும்பு முறியாத அளவுக்கு."

"உடம்பு நல்லா இருக்கு, வீடு நல்லா இருக்குன்னு நன்றி சொல்றது?"

"அதைத்தான் வருஷா வருஷம் சொல்றேன். போன வருஷம் அப்பா குறட்டையே விட்டுட்டார்."

"அதுக்கு?"

"உனக்கென்ன, நீ சாட்சி சொல்ல வேண்டியதில்ல. உன் கொழுந்தன் மின்னலையே வாங்கிட்டு வந்து நிக்கிறான். அவன் முன்னாடி நான் 'இந்த வருஷம் சளிகூடப் பிடிக்கல'ன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அந்தச் சளியையாவது பிடிக்கலாம் என்று ஒருநாள் மழையில் நின்று பார்த்தான். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது, அவனைத் தவிர. கஞ்சி வைத்துக் கொடுத்ததுதான் மிச்சம். தெருக்கோடியில் தபால்காரர், பால்காரர் என்று பாகுபாடு பார்க்காமல் கடிக்கும் நாய் ஒன்று இருந்தது. அதன் முன்னால் போய் நின்றான். நாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவன் செருப்பில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. அது எழுந்திருக்கும்வரை அவனால் நகர முடியவில்லை.

கடைசியில், ஆண்டவர் கொடுக்கவில்லை என்றால் நாமே செய்துகொள்வது என்று தீர்மானித்தான். கைவசம் லிஃப்ட் இருக்கிறது. தொழில் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முற்பகல், அவன் பொறுப்பில் இருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனான். லிஃப்ட்டுக்குள் ஏறிக்கொண்டு, கீழே இருந்த காவலாளியிடம் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னான். நடுவழியில் தொங்கலாம், ஜெபிக்கலாம், தப்பிக்கலாம் என்பது திட்டம். மின்சாரம் போனது. லிஃப்ட் நின்றது. மறுநிமிடமே, போன மாதம் அவனே மாற்றியிருந்த பேட்டரி விழித்துக்கொண்டு, லிஃப்ட்டை மெதுவாக அடுத்த மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டது. விருந்தாளியை வழியனுப்புவது போல அவ்வளவு மரியாதை.

தன் கைவேலைமேல் அவனுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததே இல்லை.

மின்சாரத்தை மறுபடி போடச் சொல்லிவிட்டு, மூன்றாவது மாடிக்கு நடந்து போனான். கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட்டுக்குச் சொல்லுகிற சின்னத் தகடு ஒன்று ஒவ்வொரு மாடிக் கதவிலும் இருக்கும். அது ஆடினால், கதவு திறந்திருப்பதாக நினைத்து லிஃப்ட் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது பேட்டரியும் வாயைத் திறக்காது. மூன்றாவது மாடிக் கதவில் அந்தத் தகட்டின் திருகைத் தளர்த்தினான். இனி கீழிருந்து ஏறி வந்தால், மூன்றாவது மாடியை நெருங்கும்போது அந்த அதிர்வில் தகடு ஆடும், நிச்சயம் தொங்கலாம். சந்தோஷமாகப் படியிறங்கினான். பாதிப் படியில், லிஃப்ட் மேலே போகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குலுக்கல். பிறகு அமைதி. அதற்கும் பிறகு ஒரு குரல்.

"ஐயோ! யாராவது இருக்கீங்களா?"

எந்தக் கூட்டத்திலும் அண்ணனுக்கு அடையாளம் தெரிகிற குரல் அது. நான்காவது மாடிக்குத் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றை இறக்க வந்திருந்தான் தம்பி.

அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முதலில் அவனுக்கு வந்தது பதற்றம் இல்லை. 'அட பாவி, இதுவும் உனக்கா!' என்பதுதான்.

எழுந்து ஓடி, சாவி போட்டு மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தான். லிஃப்ட் அரைகுறையாக நின்றிருந்தது. உள்கதவை ஒரு சாண் நகர்த்தியதும், தரைமட்டத்தில் தம்பியின் முகம் தெரிந்தது. வியர்த்து, வெளுத்து, இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. வெளியே இழுக்க வழியில்லாமல் இயந்திரம் வாசலை அடைத்திருந்தது.

"அண்ணா! நீயா? நீ எப்படி இங்க?"

"வேலைக்கு வந்தேன்."

"ஆண்டவர்தான் உன்னை அனுப்பியிருக்கார்!"

"ஆமாமா. அவரேதான்" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இரு, மொட்டைமாடிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால சுத்தி மேல இழுக்கணும்."

"போகாத. கொஞ்ச நேரம் பேசிட்டுப் போ. எனக்குக் கை நடுங்குது."

"உனக்கா? மின்னலுக்கே நடுங்காதவன் நீ."

"யார் சொன்னா? சிரிச்சுக்கிட்டே சொல்றேன், நீங்க நம்புறீங்க. தினமும் வண்டியை எடுக்கும்போது இன்னிக்கு என்னவோன்னுதான் எடுக்கிறேன். நான் வீடு திரும்புறவரைக்கும் என் பொண்டாட்டி வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. உன்னை நினைச்சா எனக்கு வயிறு எரியும், அண்ணா."

"என்னை நினைச்சா?"

"போன மாதிரியே திரும்பி வர்றியே. அண்ணி உன்னைப் பத்திக் கவலைப்பட்டு நான் பாத்ததே இல்ல."

அண்ணன் தரையில் குப்புறப் படுத்திருந்தான். தன்னைப் பார்த்தும் ஒருவன் பொறாமைப்படுகிறான் என்பது அவனுக்குப் புதிய சேதி. கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. கையை உள்ளே நீட்டினான். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். கை நிஜமாகவே நடுங்கியது. நடுக்கம் நின்ற பிறகு அண்ணன் மேலே ஏறிப்போய், சக்கரத்தைச் சுற்றி, தம்பியையும் இயந்திரத்தையும் மூன்றாவது மாடியில் கொண்டுவந்து சேர்த்தான். அப்புறம் தம்பி நான்காவது மாடிக்குப் போன நேரம் பார்த்து, தகட்டின் திருகை இருமடங்கு இறுக்கினான்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் அப்பா வீட்டில் குடிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாடு இருந்தது, மேய்ப்பர்கள் இருந்தார்கள், தொட்டில் காலி. தம்பிதான் முதலில் எழுந்தான்.

"ஆண்டவருக்கு நன்றி. நேத்து நான் அந்தரத்துல தொங்கினேன். அஞ்சு மாடி உயரம்."

மூன்றாவது மாடிக்கும் கீழே என்று அண்ணன் மனசுக்குள் திருத்தினான்.

"கயிறு ஒவ்வொரு இழையா அறுபடுற சத்தம் கேக்குது. கண்ணை மூடிட்டேன். திறந்து பாத்தா, மேல ஒரு வெளிச்சம். அதுல ஒரு முகம். தேவதூதன்னுதான் நினைச்சேன். பாத்தா, நம்ம அண்ணன்!"

அண்ணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அப்பாவின் கண்ணாடி இறங்கிவிட்டது. ஒரு கை கண்ணைத் துடைக்க, இன்னொரு கை சட்டைப் பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

மனசாட்சி உறுத்தியதால் அண்ணன் எழுந்தான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி இல்லை. தன் கையால் தளர்த்திய திருகுக்குத் தம்பி பாலனை வாங்கிக்கொண்டு போவதை அவனால் தாங்க முடியவில்லை.

"அது என் ஆபத்து!" என்று கத்தினான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்குன்னு நான் செஞ்சு வச்சது. அவன் குறுக்க வந்து ஏறிட்டான்!"

"என்னடா சொல்ற?" என்றார் அப்பா.

இனி விழுங்க முடியாது. மழை, நாய், பேட்டரி, தகடு என்று எல்லாம் வெளியே வந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் இன்னும் நன்றி சொல்லவில்லை என்பது அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. கையைக் கூப்பினான்.

"ஆண்டவரே, இந்த வருஷமும் எனக்கு ஒண்ணும் ஆகல. ஆக்கிக்கப் பாத்தேன், அப்பவும் நீர் விடல. என் புத்தியால என் தம்பிக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் இங்க வந்து உக்காந்திருக்க முடியாது. அவனுக்கும் ஒண்ணும் ஆகல. நன்றி."

கடைசி வரியில் குரல் உடைந்தது. அது அவன் திட்டத்தில் இல்லாதது.

அப்பாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பயந்தார்கள். பார்த்தால் சிரிப்பு. "நாய் செருப்புமேல தூங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் தாடைவரை ஓடியது. கடைசி வரியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது. கண்ணாடி ஏற்கெனவே கையில்தான் இருந்தது. துண்டை எடுத்து முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டார்.

"கோர்ட்டுல எத்தனையோ சாட்சியைக் கேட்டிருக்கேன்" என்றார். "தனக்கு எதிராவே சொன்னவன் இவன்தான்." பையில் கைவிட்டுப் பாலனை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"அப்பா, தொங்கினது நான்!" என்றான் தம்பி.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். தம்பியின் உதடு ஒரு பக்கம் இறங்கி, மூக்கு லேசாக விடைத்திருந்தது. அந்த முகம் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் கிறிஸ்துமஸ் மதியம் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் அவன் பார்க்கிற முகம். இத்தனை நல்ல நாளில் இதற்காகச் சந்தோஷப்படக்கூடாதுதான். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டான்.

அம்மா உட்காருகிற இடத்தில் முழங்கால் போட்டு, தொட்டிலில் பாலனைக் கிடத்தினான். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பக்தி என்று நினைத்தார்கள். அப்புறமும் எடுக்கவில்லை.

"போதும் விடுங்க" என்றாள் மனைவி மெதுவாக. "எல்லாரும் பசியோட இருக்காங்க."

அவன் கட்டை விரலை இழுத்தான். பெப்பர்மின்ட் உருகி ஒட்டியிருந்த முதுகோடு பாலனும் கூடவே எழுந்து வந்தார்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்டி" என்றான் அவன். "அவர்தான் விடமாட்டேங்கிறார்."