நாலாம் நம்பர் டோக்கன்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஞானதிரவியம். அவருக்குப் பின்னால் பலர் செய்தார்கள். வரிசை மாறிவிடக் கூடாது என்பதால் அவர் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் பேஸ்பால் கழகத்தில், ஆட்டத்தைத் தொடங்குகிறவரைத் தவிர, பந்து எறிகிற மற்ற ஆறு பேரும் வலது கையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் கடலை தின்பார்கள். அந்தக் கைகளைச் சூடாக வைத்திருப்பது என் வேலை. மைதானத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே அடுப்பு, டெலிபோன், சுவரில் ஆறு ஆணி. வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன். களத்தில் எறிகிறவர் தளர்ந்தால் மணி அடிக்கும். தலைமைப் பயிற்சியாளர் ஞானதிரவியம் நம்பரைச் சொல்வார். அந்தக் கையைத் துண்டில் சுற்றி, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இரண்டாம் நம்பர் கை வானொலிச் செய்தி கேட்காமல் சூடாகாது. ஐந்தாம் நம்பருக்கு வெட்கம் அதிகம்; நான் திரும்பி நிற்க வேண்டும்.

ஒரு தடவை கைகள் மாறிப்போய், ஒருவருடைய கை இன்னொருவர் வீட்டில் ஒரு வாரம் மாவாட்டியது. அதன்பிறகு பித்தளை டோக்கன் போட்டேன். கை களத்துக்குப் போகும்போது அதன் டோக்கன் பயிற்சியாளரிடம் போகும்; அது திரும்பி வராமல் யாரும் கையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். எழுத்தில் பிழை இருந்தது. விதியில் இல்லை.

விருதுநகரோடு இறுதி ஆட்டம். ஐந்து கைகளும் தளர்ந்துவிட்டன. மணி அடித்தது.

"நாலாம் ஆணியில என்னவே தொங்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நாலாம் நம்பர் கல்யாண வீட்டுல பந்தி பரிமாறப் போயிருக்கு."

"அப்ப உம்ம கையக் கழத்திக் கொண்டாரும்."

"என் கை பந்து எறிஞ்சதே இல்ல."

"பத்து வருசமா அடுப்படியிலதான நிக்கீரு? அந்தச் சூடு போதும்வே. ஆட்டம் முடிஞ்சதும் தாறேன்."

கழற்றிக் கொடுத்தேன். சும்மா கிடந்த நாலாம் நம்பர் டோக்கனை என் கைக்கென்று அவர் சட்டைப்பையில் போட்டேன். என் கை விருதுநகர்க்காரர்கள் மூன்று பேரை வரிசையாக வெளியேற்றி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது. ஜனங்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜாரைச் சுற்றினார்கள். நான் பின்னால் நடந்தேன்.

மறுநாள் கை கொட்டகைக்கு வந்தது. டோக்கன் வரவில்லை. சட்டை சலவைக்குப் போய்விட்டது என்றார் ஞானதிரவியம்.

"கொட்டகைச் சாவியே உங்க கிட்டதான் இருக்கு. எடுத்து மாட்டிட்டு வந்தா யாரு கேக்கப் போறா?" என்றாள் என் மனைவி ராசகனி.

"நான் கேப்பேன்" என்றேன்.

பதினோரு வருடம் என் கைக்கு நானே ஒத்தடம் கொடுத்துக் களத்துக்கு அனுப்பினேன். ஆள் இல்லாத நேரத்தில் அது என் முதுகைச் சொறிந்துவிடும். அதைத் திருப்பித் தந்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

நான் ஓய்வுபெற்ற அன்று ஞானதிரவியம் பொன்னாடை போர்த்தினார். என் கையை மேடைக்கு வரவழைத்து என்னோடு கைகுலுக்க வைத்தார். அது கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டிருந்தது.

"டோக்கன்?" என்று அவர் காதில் கேட்டேன்.

"தேடிக்கிட்டேதான்வே இருக்கேன்."

என் இடத்துக்கு அந்தக் கையையே நியமித்தார்கள். கொட்டகை வேலை தெரிந்த கை வேறு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போன் செய்தேன். கை எடுத்தது. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. நான் பழக்கியதுதான்.

"ஞானதிரவியம் டோக்கன் கொண்டாந்தாரா?"

இரண்டு தட்டு.

சோதித்துப் பார்ப்போம் என்று, "டோக்கன் இல்லாம எங்கூட வந்துருதியா?" என்று கேட்டேன்.

அடுப்பில் உப்பு வெடிப்பது மட்டும் கேட்டது. பிறகு இரண்டு முறை தட்டிவிட்டு, போனை வைத்துவிட்டது.

என் கைதான், சந்தேகமே இல்லை. ஞானதிரவியம் இன்னும் தர வேண்டும்.